பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கட்டைவிரல்

பெரியநாயக்கன்பாளையத்தில் போலீஸ் எங்கள் பேருந்தை நிறுத்தி அரை மணி நேரமாகிறது. நாட்டின் முன்னாள் தலைவர் ஒருவர் ஓய்வெடுக்க ஊட்டிக்குப் போகிறாராம். சாலை காலியாகக் கிடக்கிறது. நாங்கள் உள்ளே வேகிறோம்.

பக்கத்து இருக்கையில் சகாயமேரி அக்கா தவிக்கிறார். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் மணல் அச்சுப் பிடித்து ஓய்வு பெற்றவர். எதிர்ப்புறம் தெரியும் வங்கியில், உயிரோடு இருப்பதாக இன்றைக்குள் கைரேகை வைத்தால்தான் அவருக்குப் பென்ஷன் தொடரும்.

"போன வருசம், என்ற கைரேகைய மெஷினு எடுக்கலைங்க. மணலு தேச்சுப்போட்டுது. மூணு மாசம் பென்ஷன் வராம செத்தவளாட்ட இருந்தேனுங்க."

"ஊட்டிக்குப் போகிறவருக்குப் பதவி போயும் பங்களா, கார், காவல் எல்லாம் அரசாங்கச் செலவுதான். நாட்டுக்கு உழைத்தவர், மரியாதை வேண்டும் என்கிறார்களே?" என்கிறேன்.

"வெச்சுக்கட்டுங்க கண்ணு. ஆனா வருசா வருசம் அவரும் எங்ககூட வரிசையில நின்னு ரேகை வெக்கோணுமுங்க."

சொன்னவர் எழுந்து, படியிறங்கிச் சாலைக்கே போய்விடுகிறார். காவலர் லத்தியைக் குறுக்கே நீட்டுகிறார்.

"வண்டி வருதும்மா, நில்லுங்க."

அக்கா வழுவழுப்பாகத் தேய்ந்த கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேரே தூக்குகிறார்.

"நான் உசுரோட இருக்கறத இன்னிக்கே காட்டோணுங்க சார். அவரு நிக்கட்டுங்க."

லத்தி இறங்குகிறது. அக்கா ஓடவில்லை, நடக்கிறார். வந்துவிட்ட தலைவரின் கார் வரிசை பிரேக் போடுகிறது; அக்கா அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அதன் சைரன் நின்ற இடத்திலேயே அலறுகிறது.