உவர்த் தண்ணீரில் போட்ட தளம்

கொத்தனார் ஹமீது சுல்தானைப் பற்றி எங்கள் ஊரில் விசாரித்தால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். வருஷா வருஷம் கூலி வாங்காமல் ஊர்க் கூடத்துக்கு வெள்ளையடித்த புண்ணியவான் என்பார்கள் சிலர். புயல் நேரத்தில் நல்ல கூரைக்கு அடியில் இருந்த சனங்களைத் தண்ணீரில் இறக்கிவிட்ட பைத்தியம் என்பார்கள் மற்றவர்கள். இரண்டும் தப்பு. அது அப்போதே தெரிந்த ஒரே ஆள் நான்தான். பஞ்சாயத்து கிளார்க்காக இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இப்போதாவது எழுதுகிறேன்.

தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். எங்கே கிணறு வெட்டினாலும் உவர்ப்பு. மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓர் ஊற்றில்தான் நல்ல தண்ணீர். கோடையில் அதுவும் கசிகிற கசிவுதான். பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுச் சிரட்டையால் கோரிக் கோரி நிரப்புவார்கள். ஐம்பத்தேழில் பிளாக் ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள், ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தண்ணீர் என்றோம். எழுதிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் சமுதாயக் கூடம் சாங்ஷன் ஆகி வந்தது. பழைய ஓலைச் சாவடியைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கூரையாகச் சிமெண்டுத் தளம் போட்ட கட்டடம், ரேடியோவுக்கு ஓர் அறை, பஸ் ரோடு வரைக்கும் சரளைப் பாதை. தண்ணீர் கேட்டவனுக்கு ரேடியோ! கச்சேரி கேட்டுத் தாகம் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கொடுப்பதை வாங்கிக்கொண்டால்தான் அடுத்ததைக் கேட்க முடியும் என்றார் பிரசிடெண்ட். நானும் மண்டையை ஆட்டினேன்.

கட்டுகிற வேலை ஹமீது சுல்தானுக்கு வந்தது. மற்ற கொத்தனார்களுக்குக் கடல்கல்லும் சுண்ணாம்பும்தான் பழக்கம். கொழும்பில் வேலை பழகிய இவர் ஒருவருக்குத்தான் கம்பி கட்டித் தளம் போடத் தெரியும். சுவர் ஒரு விரல்கடை சாய்ந்தாலும் இடித்துவிட்டு மறுபடி எழுப்புகிற ஆள். ஊற்றிலிருந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று ஓவர்சியரிடமே கறாராகச் சொன்னார். உவர்த் தண்ணீர் என்றால் என்ன கெட்டுவிடும் என்று நான் கேட்டேன்.

"உள்ள இருக்க கம்பிய துரு தின்னுரும் தம்பி. வெளிய ஒண்ணும் தெரியாது. தெரியிறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

தளம் போடுவதற்கு முந்தின மூன்று நாளும் ஊற்றுத் தண்ணீர் முழுக்கப் பீப்பாய்களுக்குப் போனது. பெண்கள் இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊரில் கையேந்தினார்கள். சித்திரை வெயில் வேறு. தளம் போடுகிற அன்று உச்சிப் பொழுதில், பாதித் தளம் முடிந்த நேரத்தில் பீப்பாய்கள் காலி. ஓவர்சியர் தொண்டிக்குச் சாப்பிடப் போயிருந்தார். ஆட்கள் ஊற்றுக்கு ஓடினால் அங்கே பெண்கள் குடங்களோடு மறித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவள் பூமயில். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். இரண்டு வயசுப் பெண் குழந்தை நாகலெட்சுமிதான் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம்.

"அண்ணே, நேத்துல இருந்து பிள்ளைக்கு வாந்தியும் பேதியுமா போகுது. நாக்கு வறண்டு கெடக்கு. இந்தத் தண்ணிய எடுத்துக் கல்லுல ஊத்துறேங்கிறீகளே, நல்லா இருப்பீகளா?"

ஹமீது சுல்தான் அவளைப் பார்த்தார். திரும்பிப் பாதியில் நிற்கும் தளத்தைப் பார்த்தார். பாதியில் விட்டால் மொத்தமும் பாழ். நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு ஆட்களிடம் சொன்னார்:

"ஊத்துப் பக்கம் போகாதீகப்பா. பொம்பளையாளுக கோரிக்கிடட்டும். நீங்க பள்ளிவாசக் கெணத்துல எறைங்க."

பள்ளிவாசல் கிணறு கை கால் கழுவத்தான் ஆகும், வாயில் வைக்க முடியாது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் என்றால் தண்ணீர்தானே? அவர் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். சாயங்காலம் ஓவர்சியர் நீட்டிய ரிஜிஸ்டரில், நல்ல தண்ணீர் உபயோகித்ததாகக் கையெழுத்தும் போட்டேன்.

குழந்தை பிழைத்தது. "எம் பிள்ளைக்கு உசிரு குடுத்தவுக" என்று பூமயில் போகிற இடமெல்லாம் சொன்னாள். கூடத் திறப்பு விழாவில் அவருக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு அவர் எப்படி வாயைத் திறப்பார்?

அதற்குப் பதிலாக வெள்ளையடித்தார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கு முன்னாலும் சுண்ணாம்பு வாளியோடு தனியாகக் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஊர் அதைப் பக்தி என்றது. ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தளத்தின் அடிப்பக்கம் நெடுகப் பழுப்புக் கோடுகள். அவற்றின் மேல்தான் பூசிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு வருஷம் கோடுகள் கூடின, சுண்ணாம்பும் கூடியது. மனிதர் இளைத்துக்கொண்டே போனார்.

அறுபத்துநாலு டிசம்பர். மத்தியானத்திலிருந்தே காற்று குடிசைகளைப் பிய்த்து வீசியது. கடற்கரைச் சனங்கள் ஐம்பது பேர் போல பிள்ளைகுட்டிகளோடு கூடத்துக்குள் வந்து அடைந்தார்கள். பள்ளிவாசல் பழைய கடல்கல் கட்டடம், அசையாது. ஆனால் அது ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. அப்போதுதான் ஹமீது சுல்தான் நனைந்த கோலத்தில் உள்ளே வந்து நின்றார்.

"எல்லாரும் வெளிய வாங்க. இது நிக்காது. நாந்தான் கட்டுனேன், நாந்தான் சொல்றேன். உவர்த் தண்ணில போட்ட தளம் இது. கம்பி பூராம் இத்துப் போச்சு."

சிரித்தார்கள். ஒருவன் என்னைக் கேட்டான்: "கிளார்க்கு, இவரு சொல்றது நெசமா?"

ரிஜிஸ்டரில் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. எனக்கென்ன தெரியும் என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய வார்த்தைகளிலேயே கேவலமானது அதுதான்.

அவர் மூலையில் கிடந்த ஒரு கம்பை எடுத்து மேலே ஓங்கிக் குத்தினார். ஒரு பாளம் பெயர்ந்து தரையில் விழுந்தது. மேலே சிவப்பாக, ஈர்க்குச்சி கனத்துக்குத் தேய்ந்த கம்பி தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பள்ளிவாசலுக்குப் போகத் தோணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடையில் இறங்கினோம். ஹமீது சுல்தான் கடைசியாக வந்தார். நடு ஓடையில் இருந்தபோது கடல் பக்கமிருந்து ஓர் அலை வந்தது. கயிறு அறவில்லை, ஆட்களும் பிடியை விடவில்லை. ஆனால் பூமயிலின் கையிலிருந்து நாகலெட்சுமி நழுவிவிட்டாள். எட்டு வயசு. ஹமீது சுல்தான் கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்தார். இருட்டும் வரை தேடினார். மூன்றாம் நாள் தாழம்புதரில்தான் அவள் கிடைத்தாள்.

கூடம் விழவில்லை.

உள்ளே முழங்கால் அளவுகூடத் தண்ணீர் வரவில்லை, ரேடியோகூட நனையவில்லை. ஓடையில் இறங்காதிருந்தால் ஐம்பது பேரும் அப்படியே இருந்திருப்பார்கள். ஊர் அவரைக் காறித் துப்பியது. பூச்சுக் கரணையை அன்றைக்குக் கீழே வைத்தவர்தான் அவர், பிறகு தொடவே இல்லை. அவர் சொன்னது நிஜம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வாய்க்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆனி மாசத்தில், இலை அசையாத ஒரு மத்தியானம் தளம் தானாக விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஓடிப் போனபோது ஹமீது சுல்தான் ஏற்கனவே அங்கே நின்றிருந்தார். பூமயிலும் வந்தாள். புயலுக்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசாதவள், இடிபாட்டில் நீட்டிக்கொண்டிருந்த துருக்கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, நீங்க பொய் சொல்லல."

"சொல்லாமலே இருந்திருக்கலாம் தாயி" என்றார் அவர்.

பிளாக் ஆபீஸுக்குப் போகிற ரிப்போர்ட்டில் உவர்த் தண்ணீர் என்று எழுதச் சொல்லி, தன் பெயரையும் போடச் சொல்லி என் மேஜை முன்னால் வந்து நின்றார். நான் அறுபத்துநாலு புயலில் ஆன சேதம் என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் திரும்பக் கூடம் கிடைக்கும் என்று அவரிடம் சொன்னேன். என் கையெழுத்தையும் காப்பாற்றிக்கொண்டேன் என்பதைச் சொல்லவில்லை.

அதே மாதிரிக் கூடமே மறு வருஷம் வந்தது. தண்ணீர் வரவில்லை. தளம் போடுகிற அன்று வேறு ஊர்க் கொத்தனார், அதே சித்திரை வெயில், அதே நேரத்துக்குப் பீப்பாய்கள் காலி. ஹமீது சுல்தான் தூரத்தில் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் பள்ளிவாசல் கிணற்றுப் பக்கம் திரும்பினார்கள். அப்போது பூமயில் ஊற்றிலிருந்து நிறைகுடத்தோடு வந்து, கலவைக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"இத ஊத்துங்க. குடிக்க எங்க வீட்டுல ஆளில்ல."