மெழுகு வைத்த குளம்பு

மகளின் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது கணவர் கைபேசியோடு வந்து, "லாடம் அடிக்கற நாச்சிமுத்தண்ணன் தவறிப்போய்ட்டாராமா" என்றார். மூடிய டப்பாவைத் திறந்து மறுபடி மூடினேன். ஒரு மாதமாகிறது. அவரை அறிந்தவர்கள் எல்லாரும் இங்கே நல்லது எழுதி முடித்தபின், தாமதமாகத்தான் எழுதுகிறேன். கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு செவலைக் குதிரையை வாங்கி வந்த வாரமே, லாடம் பார்க்க அவிநாசியிலிருந்து மொபெட்டில் வந்தார். என் நாலு வயது மகள் ஏறப்போகிற குதிரை. கடிக்குமா, உதைக்குமா, பட்டாசுக்கு மிரளுமா என்று அவரைத் துளைத்தெடுத்தேன்.

"ஏனுங்க அம்மணி, மாப்பிள்ளை பாக்கறாப்ல கேக்கறீங்க!" என்று சிரித்தார். "பயப்படாம ஏத்துங்க. நானாச்சு."

அந்த வார்த்தையை நம்பி ஏற்றினேன்.

மூன்றாம் வாரம் குதிரை நொண்டி முன்னால் சாய்ந்தது. மகளுக்குத் தாடையில் மூன்று தையல். குளம்பைத் தூக்கிப் பார்த்தோம். கறுப்பு மசியும் மெழுகும் பெயர்ந்து, உள்ளே விரல்நீள வெடிப்பு. ஆளனுப்பி அவரை வரவழைத்துக் காட்டினேன்.

"தெரியுமுங்க. மெழுகு வெச்சதே நாந்தானுங்க" என்றார். குதிரையை எங்களுக்கு விற்றவர் அவருடைய பழைய வாடிக்கையாம்.

"எங்கிட்ட ஏங்கண்ணா சொல்லுல?"

"நீங்க கொளம்பப் பத்திக் கேக்கலீங்களே."

அதற்குமேல் அவரோடு நான் பேசவில்லை. அவரும் வருவதை நிறுத்தவில்லை. ஆறு வாரத்துக்கொரு முறை வந்தார். மெழுகைச் சுரண்டியெடுத்தார். வெடிப்பு மேலே ஏறாமலிருக்க அதன் உச்சியில் குறுக்காக ஒரு கோடு அறுத்தார். நீண்டுபோன நுனியை அராவினார். கொட்டகையில் ஈரம் தங்காமல் மண் கொட்டச் சொன்னார்.

"காஞ்ச தரையில நின்ன காலு திடீர்னு சேத்துல நின்னா வெடிக்குமுங்க. நுனி நீண்டாலும் பொளக்கும்" என்று கணவரிடம் விளக்கினார். "மேலிருந்து புதுசா வளந்து எறங்கோணும், வருசமாகும். அழுக்கோட வெச்சு மூடக்கூடாதுங்க."

"மூடுனது யாராமா?" என்றேன், சமையலறையிலிருந்து, அவருக்குக் கேட்கட்டும் என்று. அரம் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

கடைசியாக வந்தபோது, வெடிப்பில் மிச்சமிருந்த நகத்தளவையும் சீவியெறிந்துவிட்டு, "அம்மணி, ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்த்தேன். குளம்பு முழுசாக, வழவழவென்று இருந்தது. அடியிலிருந்து மயிர் தொடங்குமிடம் வரை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மெழுகில்லை, மசியில்லை. உங்களில் பலர் அவரைக் கைராசிக்காரர் என்கிறீர்கள். கையைப் பற்றி எனக்கும் சந்தேகமில்லை. அவர் வாய் என் குழந்தையை விழவைத்தது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்த ஒரு குளம்புதான்.

மகளைத் தூக்கிக் குதிரைமேல் உட்காரவைத்தேன்.

"உடும்மா, நானே போறேன்" என்றாள்.

கயிற்றை நான் விடவில்லை.