கோட்டை ரோட்டில் சிவப்புக் கோடு

ரோடு அகலப்படுத்தும் வேலையில் சிவப்புப் பெயின்ட் டப்பா தூக்குகிறவனுக்குச் சொந்த ஊரில் மட்டும் வேலை கிடைக்கக் கூடாது. பிறந்த ஊரிலேயே தவணை வசூலுக்கும், கரன்ட் கட் பண்ணவும் அலைகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இந்தக் கூச்சம் புரியும். எனக்குச் செஞ்சியிலேயே போட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைப் பக்கம் போகிற பெரிய ரோட்டை அளந்து, இடிபட வேண்டிய இடத்தில் கோடு போட வேண்டும். அந்த ரோட்டின் கடைசியில்தான் என் அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அம்மா போனபிறகு என்னை டிப்ளமோ படிக்க வைத்தது அந்தக் கடைதான். அது கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுமோ என்ற பயத்தோடுதான் டேப்பைப் பிரித்தேன்.

டாக்கீஸ் எங்கே?

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர், ரோட்டில் இருக்கும் முக்கியமான இடங்களைச் சொல்லச் சொன்னார். உள்ளூர்க்காரன் என்ற மிதப்பில் கடகடவென்று ஒப்பித்தேன்: டாக்கீஸ், கிணத்தடி, புளியமரம். ஜீப்பில் போய்த் திரும்பி வந்தவர், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றார். டாக்கீஸ் கல்யாண மண்டபமாகி வருஷக்கணக்காகிறது. கிணற்றை மூடி அதன்மேல் செல்போன் கடை வந்துவிட்டது. புளியமரத்தை வெட்டியது முன்பு ரோடு போட வந்தவர்கள், அதாவது எங்கள் டிபார்ட்மென்ட் ஆட்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆனாலும் இன்றைக்குவரை பஸ்ஸில் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறோம்.

டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே இன்ஜினியரிடம் சொன்னார்: “இங்க இல்லாததுக்குத்தான் சார் பேரு. இருக்கறதுக்குப் பேரு வேணும்னா மொதல்ல நீங்க அத்த இடிக்கணும்.”

புதிதாக வந்த சாமி

அளக்க வருகிறார்கள் என்று தெரிந்ததுமே எங்கள் ஊரில் பிள்ளையாருக்குக் கிராக்கி ஏறிவிடும். ஹார்டுவேர் கடை வாசலில், சரியாகக் கோடு விழ வேண்டிய இடத்தில், ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடியில் பூசிய சிமென்ட்கூடக் காயவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பின்னாலிருந்து இன்ஜினியர் இருமினார். வேறு வழியில்லாமல் சாமியைச் சுற்றி வளைத்துக் கோடு போட்டேன். பூ விற்கிற அம்மா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கடைக்காரர் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. “சாமி நேத்துதான் சார் வந்துச்சு. அதுக்கு உங்க ரூல்ஸு இன்னா தெரியும்?”

வாசற்படிக் கல்

ஒரு பழைய ஓட்டு வீட்டின் வாசற்படியில் பூ செதுக்கிய கருங்கல் கிடந்தது. கோடு அதன் நடுவிலேயே விழுந்தது. நான் வந்த வேலையை மறந்து, “இது கோட்டைக் கல்லாச்சே, ராஜா காலத்துக் கல்லக் கொண்டாந்து மிதிக்கலாமா?” என்று வீட்டுக்காரரிடம் நியாயம் பேசினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கோட்டை இருக்கிற மலையை ஒருமுறை பார்த்தார், என் டப்பாவை ஒருமுறை பார்த்தார்.

“கோட்ட இடிஞ்சி கெடந்துச்சு, எங்காளுங்க எடுத்தாந்தாங்க. நாங்க இருக்கசொல்லவே நீ இடிச்சி எடுக்கற. யாருப்பா யாரக் கேக்கறது?”

தீர்ந்துபோன பெயின்ட்

கடைசியில் அக்கா கடை. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் அளவைச் சொன்னான். அடுப்பு, கிரைண்டர் இரண்டும் ரோட்டுப் பக்கம் போகின்றன. உள்ளே மிஞ்சுவது ஒரு பெஞ்சு போடுகிற இடம். “பெயின்ட் தீந்துடுச்சு சார், மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றேன். டப்பாவில் பாதிக்குமேல் இருந்தது. இன்ஜினியர் ஜீப் ஏறிவிட்டார். நாளைக்குள் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில் யார் யார் வாசலில் கோடு போட்டேனோ, அவர்களில் பாதிப் பேர் அங்கே இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் பெஞ்சில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். என்னிடமிருந்து டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, எல்லார் கண்ணிலும் படும்படி பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, பிரஷ்ஷை என் கையில் திணித்தாள்.

“ஊரு வாசல்லல்லாம் அடிச்சிட்டு வந்து, என் வாசல்ல தீந்துபோச்சாடா? நாளைக்கு இவங்களுக்கு நான் எந்த மூஞ்ச வெச்சிகினு இட்லி வெப்பேன்?”

இப்போது ரோடு நன்றாக அகலமாகிவிட்டது, அக்கா தள்ளுவண்டிக்கு மாறிவிட்டாள், எனக்குத்தான் அந்த வழியாக நடந்துபோக இன்னும் இடம் போதவில்லை.