பட்டியலில் விட்டுப்போன பெயர்

கொச்சங்காடியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் காகிதங்கள் தயாரிப்பது என் வேலை. சென்ற மழைக்காலத்தில் புதிய மென்பொருள் வந்தது. பயிற்சிக்குப் போகிறவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை.

பக்கத்து மேசைப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. என்னைப் பற்றி யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சேச்சி பூமர் அல்லே, அவங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை?"

எனக்கு ஐம்பத்தொன்று. பூமர் என்ற பெயர் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிறந்தவர்களுடையது. என் அம்மாவுக்குத்தான் சேரும். இந்த அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, தொட்டால் கெட்டுவிடும் என்று எல்லோரும் விலகி நிற்க, பெட்டியைப் பிரித்து வயரைச் சொருகியவள் நான். இதை அவளிடம் சொல்லலாம். சொன்னால், "அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்கிற ஆளாகிவிடுவேன். 

மேலாளரிடம் மட்டும் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"சேச்சிக்குப் புத்திமுட்டு ஆகுமே, கஷ்டமா இருக்குமேன்னு நினைச்சேன்," என்றார். உண்மையான கரிசனம். நான் சண்டை போடத்தான் வந்திருந்தேன்.

"பேரை எழுதுங்க," என்றேன். எழுதினார்.

பயிற்சி மூன்று நாள். எனக்குப் புரிந்தது பக்கத்து மேசைப் பெண்ணுக்கும் புரிந்தது. புரியாதது இருவருக்குமே புரியவில்லை. அவ்வளவுதான்.

கடைசி நாள் வீடு திரும்பியபோது அம்மா போனை மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது எழுபத்தாறு. ஆலுவாவிலிருந்து பாலக்காட்டுக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறாளாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைப் பிடுங்கினேன்.

"உனக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா, குடு."

அவசரத்தில் திரையில் எங்கோ விரல் பட்டது. அவள் நிரப்பி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டேன்டீ. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லே?" என்றாள்.

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. பழகிப்போன அலுப்புதான். எத்தனை வருடமாக அவள் கையிலிருந்து இப்படிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேனோ, தெரியவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். முதலிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இருபது நிமிடத்தில் டிக்கெட் வந்தது. அவள் எழுந்து சாயா போடப் போனாள். நான்தான் களைத்துப்போய் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.