ஆற்றில் படர்ந்த பஞ்சு

அதைப் பஞ்சு என்று முதலில் சொன்ன வாய் என்னுடையதுதான். அந்த வாயில் மண்ணைப் போட.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட தெரு அனகாபுத்தூரில், அடையாற்றங்கரையில் போய் முடியும். எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. தெருக்குழாயில் பாதி நாள் காற்றுதான் வரும். பெண்கள் ஆற்று மணலில் ஊற்று தோண்டி, சுற்றிலும் கல் அடுக்கி, சொம்பால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். மேலே சாக்கடையும் தோல் கழுவிய தண்ணீரும் ஆற்றில் கலப்பது எல்லோருக்கும் தெரியும். மணல் வடிகட்டிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நம்பாமல் என்ன செய்வது, தாகம் எடுக்கிறதே.

அந்த வருஷம் ஊற்றைச் சுற்றியிருந்த கற்களில் சாம்பலும் வெள்ளையுமாக ஏதோ படர்ந்தது. தண்ணீர் ஓடுகிற பக்கம் வால் வாலாக நீண்டு ஆடியது. தொட்டால் வழுக்கும். கையை எத்தனை தடவை கழுவினாலும் நாற்றம் போகாது.

“இன்னாண்ணா இது, கல்லு மேல இப்டி கீது?” என்று தங்கை கேட்டாள்.

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரி லேபில் அட்டெண்டர். குடுவை கழுவுவது, புனலில் பஞ்சு வைத்து வடிகட்டித் தருவது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். ஆனால் தங்கை தெருவுக்குப் போனால் நான் பெரிய படிப்பாளி.

“பஞ்சு மாதிரிதான் கீது. லேப்ல நாங்க பஞ்சு வெச்சுத்தான் வடிகட்றோம். அழுக்கு பூரா அதுல புட்சிக்கும். நல்லதுதான், வுடு” என்றேன்.

அவள் அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். காலேஜில் வேலை செய்கிற அண்ணன் சொன்னதாயிற்றே. கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவள் புருஷன் மட்டும், “ஆத்துத் தண்ணிய கொழந்தைக்குக் குடுக்காத, நடந்து போய் பம்பு தண்ணி கொண்டா” என்று கத்துவார். தங்கை தலையாட்டிவிட்டு ஊற்றுக்கே போவாள்.

ஒரு மாதத்தில் அவளுடைய ஐந்து வயது மகளுக்குக் கண் மஞ்சளானது. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஒரு பாட்டிலில் அந்தப் பஞ்சை வழித்துக்கொண்டு போய் லேபில் தாவரவியல் மேடத்திடம் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நூல் நூலாகத் தெரிந்தது.

“இது பஞ்சும் இல்ல, பாசியும் இல்ல. கிருமிங்க கூட்டமா வளர்ந்திருக்கு. சாக்கடையைத் தின்னுதான் இது வளரும். எங்க எடுத்தீங்க? அந்தத் தண்ணிய யாரும் குடிக்கலயே?”

ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

வார்டில் டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். எதிரே தங்கையும் மாப்பிள்ளையும். “தண்ணி எங்கம்மா புடிக்கிறீங்க? உங்க ஏரியாவுல சொல்லணும், அதான் கேக்கறேன்” என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “பைப்பு தண்ணிதான் சார்” என்றாள்.

நான் ஒரு அடி தள்ளித்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை அவள் மேல் கை நீட்டுவார் என்று பயந்தேன், அதனால்தான் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். நான் பயந்தது என் பெயருக்கு.

இரண்டு நாளில் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து தெருக்குழாய்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போனார்கள். ஊற்றுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

குழந்தை மெல்லத் தேறி வீடு வந்தது. மூன்றாவது வீட்டுப் பெண் அதைப் பார்க்க வந்தாள். அவளுக்கு ஏழு மாதம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்திருந்தாள். “நானும் அந்த ஊத்துலதான் மொள்றேன். பஞ்சு கீற எடத்துல மொண்டா ஒண்ணும் ஆவாதாமே? உன் தங்கச்சிதான் சொல்லிச்சு, அண்ணா” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். தங்கை உள்ளே போய்விட்டாள். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், அதற்கடுத்த நாளும்.

அவளுக்கும் மஞ்சள் காமாலை வந்தது. பிள்ளைத்தாய்ச்சி உடம்பு தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் அவளும் போனாள், வயிற்றிலிருந்ததும் போனது.

அவளை எடுத்துவிட்டு வந்த அன்று மாலை தங்கை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னை உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

“பொறந்த வூட்டை வுட்டுக்குடுக்கக் கூடாதுன்னு நான் பொய் சொன்னேன். உனக்கு இன்னாண்ணா வந்துச்சு?” என்றாள்.