செத்தது நீலமாகும்

எண்ணிக்கொண்டிருக்கும்போது அக்காவிடம் யாரும் பேசக் கூடாது. நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்து, இடக்கையில் பிடித்த எண்ணுகருவியின் பொத்தானை டிக் டிக்கென்று அமுக்கியபடி இருப்பார். அழைத்துப்போக வந்த கணவர் வாசலில் நின்று கூப்பிட்டாலும் டிக் டிக்தான் பதில். அவரும் பழகிப்போய், சத்தம் ஓயும்வரை சுவரில் சாய்ந்து நிற்பார்.

தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் வளர்த்துக் கொடுக்கும் ஆய்வுக்கூடம் அது. நோயாளியின் தோலில் துணுக்கு எடுத்து, செல்களைப் பெருக்கி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதற்குமுன், எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று சொல்வது அக்காவின் வேலை. கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் செல் கலந்த நீர் ஒரு சொட்டு, அதில் கொஞ்சம் நீலச் சாயம். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். உயிருள்ளது பளிச்சென்று நிற்கும். செல் கட்டத்தின் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் கணக்கில் சேர்த்தி, கீழ்க்கோட்டைத் தொட்டால் இல்லை. இந்த நியாயத்தைப் பேருந்துப் படியில் நிற்பவர்கள்மீதும் பாய்ச்சுவார். "நீ கீழ்க்கோடு தம்பி, எறங்கு" என்பார்.

அன்று பார்த்த இடமெல்லாம் நீலம். இன்னொரு சொட்டிலும் அப்படியே. வளர்ப்புப் பெட்டியின் சூடு தாறுமாறாக ஏறி இறங்குகிறது, பழுது பாருங்கள் என்று மேலாளரிடம் அக்கா நடையாய் நடந்திருந்தார். ஆகட்டும் பார்க்கலாம் என்றே அவர் நாளைக் கடத்தினார்.

இப்போது அவரே வந்தார். தானாக எண்ணும் இயந்திரம் போதுமான கணக்கைக் காட்டுகிறதே, வண்டி வேறு காத்திருக்கிறதே என்றார். அந்த இயந்திரம் தூசியையும் செல்லென்று எண்ணும் என்பது அவருக்கும் தெரியும். இதே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணியவர்தான் அவரும்.

"வெளிர் நீலத்தையும் உயிருள்ளதோட சேத்துக்கங்கக்கா. யாரு வந்து பாக்கப்போறா?"

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கையும் வெந்த பெண்ணொருத்தி மறுநாள் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருந்தாள். செத்ததை வைத்தால் ஒட்டாது. புண்தான் சீழ் வைக்கும்.

"ஒட்டலைன்னா அவ ஒடம்பு ஏத்துக்கலைன்னு எழுதிடுவீங்க, இல்ல? வெந்தது போதாதுன்னு பழியையும் அவ தலையிலயே கட்டுவீங்க."

மேலாளர் குரலைத் தாழ்த்தி, இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்றார். அக்கா எழுந்து, செல் வளர்ந்த குடுவைக்குள் கிருமிநாசினியைக் கவிழ்த்தார். உள்ளிருந்த இளஞ்சிவப்பு வளர்ப்புத் திரவம் வெளுத்துப்போயிற்று. உறைய வைத்திருந்த மிச்சச் செல்களிலிருந்து மறுபடி வளர்க்க வேண்டும். பாவம், அந்தப் பெண் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதை நினைத்ததும் ஆத்திரம் இன்னும் மூண்டது.

மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"தோல் நாளைக்கு வராது டாக்டர். இங்கயே செத்துப்போச்சு. ஏன்னு இவர் சொல்லுவார்."

தொலைபேசியை மேலாளரின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் வாங்கவில்லை. உள்ளிருந்து "ஹலோ, ஹலோ" என்ற குரல் வந்துகொண்டே இருந்தது. நீட்டிய கையை அக்கா இறக்கவில்லை.