பின்சீட்டில் படுத்து வந்தவர்

டெஸ்ட் டிரைவுக்கு வந்த ஆள் நேராகப் பின்சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் சிரித்துவிட்டேன்.

காளவாசல் பக்கம் ஒரு கார் ஷோரூமில் எனக்கு சேல்ஸ் வேலை. வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, முறுக்கிய நரை மீசை. வழுக்கினால் டயரைப் பிடிக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், திருப்பத்தில் வண்டி அலையாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று நான் அள்ளிவிட்ட எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"மாப்ள, ஸ்பீடு பிரேக்கர் நெறைய இருக்குற ரோடாப் பாத்து ஓட்டு."

ஆனையூர்ப் பக்கம் விட்டேன். வண்டி விறைப்பாக ஓடும் ஸ்போர்ட் மோடில் முதல் மேடு ஏறி இறங்கியதும் அவர் கை நடு முதுகுக்குப் போய் அழுத்தியது. குலுக்கலைக் குறைக்கும் கம்ஃபர்ட் மோடுக்கு மாற்றினேன். அடுத்த மேட்டிலும் கை அங்கேயேதான் இருந்தது.

"முதுகு வலியாண்ணே?"

"எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன். எங்க வீட்டம்மாவுக்கு அந்த எடத்துலதான் ஆபரேஷன். தேனியில மக புள்ள பெத்துருக்கா. பஸ்ஸுல ஏத்துனா இவ பாதி வழியில உசிலம்பட்டியக்கூடத் தாண்ட மாட்டா."

"அப்ப வண்டி ஓகேவாண்ணே?"

"இம்புட்டு அலுங்காமப் போனா எனக்கு ஓகே. அவ படுத்துப் பாத்துல்ல சொல்லணும்? சனிக்கிழம கூட்டிட்டு வாரேன்."

தனக்கில்லாத வலியை ஒருவர் இவ்வளவு கவனமாகத் தேடி நான் பார்த்ததில்லை.

இன்று சனிக்கிழமை. வண்டி கம்ஃபர்ட் மோடில் வாசலில் நிற்கிறது. பின்சீட்டில் எங்கள் வீட்டுத் தலையணை இருக்கிறது.